காற்றின் மேல் நிற்கும் வண்டி

வில் பூட்டாத கட்டைவண்டியிற் பயணஞ் செய்தவர்கள் ஒவ்வொரு கல்லையும் பள்ளத்தையும் தம் உடம்பினாலேயே அறிந்தவர்கள். சக்கரம் ஏறி இறங்குவதெல்லாம் வண்டியின் உடலுக்கும், உடலிலிருந்து பயணிக்கும் நேரே வந்து சேரும். இந்த இடரை நீக்கவே மனிதன் சக்கரத்துக்கும் வண்டிக்கும் இடையில் வில்லை வைத்தான். முதலில் உருக்குத் தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வில் வந்தது. பின்னர் உருக்குக் கம்பியைச் சுருட்டிய சுருளிவில் வந்தது. இரண்டும் உறுதியானவை, நெடுங்காலம் உழைப்பவை. எனினும் இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. ஒருவர் மட்டும் இருக்கும் வண்டிக்கு ஏற்ற வில், எட்டு மூட்டை ஏற்றியதும் தாழ்ந்துவிடும். எட்டு மூட்டைக்கு ஏற்றவாறு விறைப்பாகச் செய்த வில்லோ, வெறும் வண்டியிற் செல்பவரைத் தூக்கித் தூக்கிப் போடும்.

இக்குறைக்குக் காற்று மருந்தாயிற்று. ஒரு வாயுவை அமுக்கினால் அதன் கனவளவு குறையக் குறைய அதன் அமுக்கம் கூடும் என்பதை றொபேட் பொயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்டார். பள்ளி மாணவர் இன்றும் படிக்கும் இவ்விதியே காற்று வில்லின் அடிப்படை. இறப்பர்ப் பை ஒன்றுக்குள் அடைபட்ட காற்று, பாரம் ஏறும்போது அமுங்கி, விறைப்படைந்து தாங்குகிறது. பாரம் மிகுந்தால் இன்னுஞ் சிறிது காற்றை உட்செலுத்தலாம். பாரம் இறங்கினால் வெளியே விடலாம். வண்டி எப்பொழுதும் ஒரே உயரத்தில் நிற்கும்.

எண்ணம் எளிது, காற்றை அடைத்து வைப்பதுதான் அரிது. அமெரிக்காவிலே 1957ஆம் ஆண்டின் கடிலாக் எல்டொராடோ புரூம் என்னும் விலையுயர்ந்த வண்டி காற்று வில்லுடன் வந்தது. காற்றுக் கசிவின் தொல்லை பொறுக்காமல், அதன் உடைமையாளர் பலர் பிற்காலத்தில் உருக்குச் சுருளிவில்லுக்கே திரும்பினர். காற்று வில்லின் சரித்திரத்தில் அன்று தொடங்கிய வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

கரடுமுரடான வழியிலும் நகர வீதியிலும் ஒருங்கே ஓடத்தக்க பெரிய வண்டிகளுள் இங்கிலாந்தின் ரேஞ்ச் ரோவர் புகழ்பெற்றது. 1992ஆம் ஆண்டில் அதன் நீண்ட வடிவத்துக்கு, மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய காற்று வில் பொருத்தப்பட்டது. 1994 முதல் 2001 வரை செய்யப்பட்ட இரண்டாந் தலைமுறை ரேஞ்ச் ரோவரிலும் இவ்வமைப்பே இடம்பெற்றது. அவ்வண்டி நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும்போது தானாகவே ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் தாழ்ந்து காற்றுத் தடையைக் குறைக்கும். ஆட்கள் ஏறவும் இறங்கவும் 65 மில்லிமீற்றர் வரை பணிந்து கொடுக்கும். நீர் நிறைந்த பள்ளத்தையோ பாறைகளையோ கடக்கவேண்டின் 40 மில்லிமீற்றர் நிமிர்ந்து நிற்கும். இன்று அவ்வண்டிகளில் மிக இளையதற்கும் இருபது வயது கடந்துவிட்டது. அவற்றுட் பல, மாலையில் நிமிர்ந்து நின்று காலையில் இறப்பர் முட்டுகளின் மேல் மண்டியிட்டுக் கிடக்கின்றன. இந்நோயின் காரணத்தை எவ்வாறு தேடுவது என்பதே இப்பேச்சின் பொருள்.

நோயை அறியுமுன் உடலை அறிதல் வேண்டும். இவ்வமைப்பில் காற்றுச் செல்லும் பாதையைத் தொடர்ந்து சென்றால் எல்லாம் விளங்கும். இயந்திரப் பெட்டிக்குள், ஒரு மூடிக்குக் கீழே, மின்சாரத்தினால் இயங்கும் சிறிய கொம்பிரசர் ஒன்று இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து அமுக்குகிறது. அமுங்கிய காற்று, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த குழாயினூடாகச் சென்று உலர்கிறது. உலர்ந்த காற்று ஒரு தாங்கியிற் சேமிக்கப்படுகிறது. தாங்கி நிறைந்திருக்கும்போது அதன் அமுக்கம் ஏறக்குறைய 10 பார், அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 145 இறாத்தல். சாதாரண மோட்டார் ரயரின் அமுக்கத்தைப் போல இது நான்கைந்து மடங்காகும். தாங்கிக்கும் நான்கு இறப்பர்ப் பைகளுக்கும் நடுவே வால்வுத் தொகுதி நிற்கிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வால்வு, காற்றை உள்ளே விட ஒன்று, வெளியே விட ஒன்று என அது ஒரு சந்திபோல் அமைந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உயரத்தை அளக்கும் உணரி ஒன்றுண்டு. இவை அனைத்தினதும் செய்தியைக் கேட்டு ஆணையிடுவது ஆசனத்தின் கீழ் மறைந்திருக்கும் சிறிய கணினி.

வண்டி தாழ்ந்துவிட்டதென்று உடைமையாளர் முறையிடும்போது, பெரும்பாலும் முதலிற் குற்றஞ்சாட்டப்படுவது கொம்பிரசரே. அது ஓயாமல் இரைகிறது, அல்லது சூடேறி நின்றுவிட்டது. ஆகவே அதுதான் கெட்டுவிட்டதென்று தீர்ப்பளித்து, புதியது ஒன்றைப் பெருவிலை கொடுத்து வாங்கிப் பூட்டுகிறார்கள். சில மாதங்கள் வண்டி நன்றாக நிற்கும். பின்னர் புதிய கொம்பிரசரும் பழையதன் வழியே போகும். காரணம் எளிது. எங்கோ ஒரு மூலையிற் காற்றுக் கசிகிறது. கசிந்ததை ஈடுசெய்ய, சில நிமிடங்கள் வேலைசெய்து ஓய்வெடுக்க வேண்டிய சிறு பொறி இரவும் பகலும் உழைக்கிறது. ஓட்டைக் குடத்துக்கு நீர் இறைத்துக் களைத்தவனைச் சோம்பேறி என்று விலக்கி, அவனிடத்தில் வேறொருவனை நிறுத்தினால், ஓட்டை அடைபடுமா? எங்கே சத்தம் எழுகிறதோ அங்கேதான் குற்றம் இருக்கும் என்று கொள்ளலாகாது. இதை மனத்திற் கொண்டவர்கள் பணத்தை மிச்சப்படுத்துவார்கள்.

ஆராய்ச்சிக்குள் நுழையுமுன் எச்சரிக்கை ஒன்று அவசியம். இவ்வண்டி இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரமுடையது. அதைத் தாங்கி நிற்பது காற்று மாத்திரமே. ஒரு குழாய் விலகினாலோ, கணினி தன்னிச்சையாக ஓர் ஆணையிட்டாலோ, வண்டியின் உடல் கணப்பொழுதில் இறங்கிவிடும். ரயருக்கும் அதன் மேல்வளைவுக்கும் இடையிற் கையை நீட்டியவர் அக்கையை இழக்கலாம். கீழே படுத்திருப்பவர் உயிரையே இழக்கலாம். ஆதலால், ஜாக்கியை மட்டும் நம்பாது, வண்டியின் சட்டத்தை உறுதியான உருக்குத் தாங்கிகளின் மேல் அமர்த்தாமல் எவரும் அதன் கீழே செல்லக்கூடாது. காற்றுக் குழாய்களைக் கழற்றுமுன் அமுக்கத்தை முறைப்படி வெளியேற்றுவதும், கண்ணுக்குக் காப்பு அணிவதும் இன்றியமையாதவை.

இனி ஆராய்ச்சியின் ஒழுங்கைக் கவனிக்கலாம். முதலாவது, செலவில்லாதவற்றைச் சோதித்தல். பற்றரி தளர்ந்திருந்தால் இவ்வகைக் கணினிகள் வீண்குற்றங்களைப் பதிவு செய்யும். உருகி எரிந்திருக்கலாம், ரிலேயின் தொடுமுனை கருகியிருக்கலாம். இவற்றைவிட வியப்பானது கதவின் கதை. கதவு திறந்திருக்கும்போது வண்டி உயரத்தை மாற்றாதிருக்குமாறு இவ்வமைப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. ஏறி இறங்குபவர் கால் இடறி விழாதிருக்கச் செய்த நல்லேற்பாடு அது. ஆனால் கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சிறிய ஆளி பழுதடைந்தால், நன்றாக மூடிய கதவும் திறந்திருப்பதாகவே கணினிக்குத் தோன்றும். வண்டி தாழவும் மாட்டாது, உயரவும் மாட்டாது. கதவின் ஆளியிலுள்ள குற்றத்துக்காகக் காற்றுப் பைகளைக் கழற்றிப் பார்த்துக் காலம் போக்கியவர்களும் உண்டு. கதவு மூடியபின்னும் உள்விளக்கு எரிகிறதா, கதவு திறந்திருப்பதாக எச்சரிக்கை தோன்றுகிறதா என்று பார்த்தால் இவ்வுண்மை வெளிப்படும்.

இரண்டாவது, கசியும் மூலையைக் கண்டுபிடித்தல். இங்கேதான் இவ்வண்டி ஆராய்பவரை ஏமாற்றுகிறது. நிறுத்தி வைத்த வண்டியிலும் கணினி முற்றாக உறங்குவதில்லை. ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது விழித்து, நான்கு மூலைகளின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு மூலை தாழ்ந்திருந்தால், மற்ற மூன்றிலிருந்தும் காற்றை வெளியே விட்டு, எல்லாவற்றையும் தாழ்ந்ததற்குச் சமமாக்குகிறது. வண்டி கோணலாக நிற்கலாகாது என்பது அதன் நோக்கம். விளைவு யாது? குற்றஞ்செய்தது ஒரு மூலை; தண்டனை அடைந்தது நான்கும். காலையில் வந்து பார்ப்பவருக்கு நான்கு பைகளும் கசிவனவாகவே தோன்றும். ஒரு மாணவன் செய்த குறும்புக்கு வகுப்பு முழுவதையும் வாங்கின் மேல் நிற்க வைத்த ஆசிரியர், குறும்பன் யார் என்பதை ஒருபோதும் அறியமாட்டார். இக்கணினியின் நியாயமும் அத்தகையதே. நான்கு பைகளையும் ஒருங்கே மாற்றவேண்டுமென்று சொல்லும் கராஜ்காரர் எல்லோரும் வஞ்சகர் அல்லர். கணினி காட்டிய தோற்றத்தை நம்பியவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள்.

உண்மையான குற்றவாளியைக் காண, கணினியை விழிக்கவிடாது செய்தல் வேண்டும். ஆசனத்தின் கீழே அக்கணினியை அடுத்திருக்கும் தாமத ரிலேயைக் கழற்றிவிட்டால், இரவில் அது எழுந்து சமன்செய்யமாட்டாது. பின்னர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மேல்வளைவு வரை உள்ள உயரத்தை அளந்து கடதாசியில் எழுதவேண்டும். மறுநாட் காலையில் மீண்டும் அளக்கவேண்டும். ஒரு மூலை மட்டும் நன்றாகத் தாழ்ந்திருந்தால் தேடல் அம்மூலையின் பை, குழாய், வால்வு என்னும் மூன்றுக்குள் அடங்கிவிடும். நான்கும் அசையாது நிற்க, தாங்கி மட்டும் வெறுமையாகியிருந்தால், குற்றம் தாங்கியின் குழாயிலோ காற்றைத் திரும்பவிடாது தடுக்கும் வால்விலோ இருத்தல் கூடும். ஓர் அளவுகோலும் ஒரு பென்சிலும் ஓரிரவின் பொறுமையும் இங்கே விலையுயர்ந்த கருவிகளுக்கு ஈடாகின்றன.

இவ்வளவையில் ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. ஓடிவந்த வண்டியின் காற்று வெப்பமாயிருக்கும். இரவுக் குளிரில் அது சுருங்கும். வெப்பநிலை 30 பாகையிலிருந்து 20 பாகைக்கு இறங்கினால், அடைபட்ட காற்றின் கனவளவு முப்பதில் ஒரு பங்களவு குறையும். ஆகவே நான்கு மூலைகளும் ஒரே அளவாகச் சிறிது தாழ்ந்திருப்பது கசிவன்று; அது இயற்கையின் செயல்.

மூன்றாவது, கசியும் இடத்தைக் கண்ணாற் காணுதல். சைக்கிள் ரியூப்பின் துளையைத் தண்ணீரில் அமிழ்த்திக் காணும் முறை யாவரும் அறிந்தது. வண்டியைத் தண்ணீரில் அமிழ்த்த இயலாதாகையால், சவர்க்கார நீரை வண்டிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தடித்த தூரிகையினாலோ தெளிக்கும் போத்தலினாலோ பையின் மேல் நீரைப் பூசிச் சிறிது நேரம் காத்திருந்தால், கசியும் இடத்திற் குமிழிகள் மலரும். காற்றுப் பையின் கீழ்ப்பகுதி உட்புறமாக மடிந்து, ஓர் உருளையின் மேல் ஏறியிறங்கி உழைக்கிறது. மடியும் இடத்திலேதான் இறப்பர் முதலில் வெடிக்கும். வண்டி வழக்கமான உயரத்தில் நிற்கும்போது அம்மடிப்பு மறைந்திருக்கும். ஆதலால் வண்டியை மிக உயர்ந்த நிலைக்கு எழுப்பி, சட்டத்தைத் தாங்கியின் மேல் அமர்த்தி, மறைந்த மடிப்பை வெளிப்படுத்திய பின்னரே பார்க்கவேண்டும். இறப்பருக்குள் இருக்கும் நூலிழை வெளியே தெரியுமளவுக்கு வெடித்த பை, அன்று கசியாவிட்டாலும் நாளை கசியும். அதனை மாற்றிவிடுவதே அறிவுடைமை. முன்னிரண்டும் அல்லது பின்னிரண்டும் ஒரே வயதினவாகையால் அவற்றைச் சோடியாக மாற்றுதல் நன்று.

பைகள் நன்றாயிருந்தால், குழாய்கள் பொருந்தும் இடங்களைப் பார்க்கவேண்டும். இவை நைலோன் குழாய்கள். வெறுமனே தள்ளிப் பொருத்தப்படுபவை. பலமுறை கழற்றிப் பூட்டிய குழாயின் நுனியிற் கீறல் விழுந்திருக்கும். அக்கீறலே காற்றுக்கு வழியாகும். கூரிய கத்தியினால் நுனியை நேராக வெட்டி மீண்டும் பொருத்தினாற் பெரும்பாலும் கசிவு நின்றுவிடும். இங்கும் குமிழி இல்லையெனில் ஐயம் வால்வுத் தொகுதியின் மேல் விழுகிறது. அதற்குள் பல சிறிய இறப்பர் வளையங்கள் இருக்கின்றன. பல்லாண்டு இயந்திர வெப்பத்தில் வெந்து, அவை வட்டவடிவம் இழந்து தட்டையாகி விறைத்துவிடுகின்றன. காற்று அவற்றைத் தாண்டி நழுவி, வெளியேறும் வாயில் வழியாக ஓசையின்றிப் போய்விடும். அவ்வாயிற் சவர்க்கார நீர் தடவினால் மெல்லிய நுரை எழுவதைக் காணலாம். இவ்வளையங்கள் மிகச் சிறியவை, மலிவானவை. ஆனால் அவற்றை மாற்றுவதற்குத் துப்புரவான மேசையும், கழற்றிய ஒழுங்கை மறவாத கவனமும், அவசரப்படாத கையும் வேண்டும். முழுத்தொகுதியையும் எறிந்துவிட்டுப் புதியது வாங்கியோர் பலர், வளையங்களை மாத்திரம் மாற்றியிருந்தாற் போதுமானதாயிருந்திருக்கும்.

நான்காவதாகவே கொம்பிரசரின் முறை வருகிறது. கசிவு யாவும் அடைபட்ட பின்னரும் அது நெடுநேரம் ஓடினால், அல்லது தாங்கியை நிரப்ப இயலாது தவித்தால், அதன் உள்ளுறுப்பு தேய்ந்திருக்கலாம். உருளைக்குள் ஏறியிறங்கும் முசலத்தைச் சுற்றியுள்ள மெல்லிய வளையமே பெரும்பாலுந் தேய்வது. காற்று வெளிவரும் துளையைக் கட்டைவிரலினால் அடைத்து நிறுத்த முடியுமானால், அக்கொம்பிரசர் வலியிழந்துவிட்டது என்பது அனுபவமுள்ளோர் கண்ட எளிய சோதனை. ஓடிய பொறி கையைச் சுடும் என்பதை மட்டும் மறத்தலாகாது. அவ்வளையத்தைத் தனியாக மாற்றும் வழியும் உண்டு. அத்துடன் காற்று வடியையும், ஈரமுறிஞ்சும் மணிகளையும் பார்க்கவேண்டும். மணிகள் ஈரம் ஏறித் தூளாகிப்போயிருந்தால், ஈரக்காற்று வால்வுகளுக்குட் சென்று புதிய நோய்களை உண்டாக்கும்.

ஐந்தாவது, உயரத்தை அளக்கும் உணரிகள். இவற்றின் இயல்பை வானொலி நேயர்கள் எளிதில் உணர்வார்கள். பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகும்போது, ஓரிடத்திற் கரகரவென்று இரைந்து ஒலி துண்டிக்கப்படுவதுண்டு. குமிழுக்குள் இருக்கும் தடையின் பாதை, அடிக்கடி தொடப்பட்ட இடத்தில் தேய்ந்திருப்பதே அதற்குக் காரணம். உயர உணரியும் அதே வகையான தடைதான். வண்டி பெரும்பாலான நேரம் நடுத்தர உயரத்திலேயே ஓடுவதால், அவ்விடத்திற் பாதை தேய்கிறது. அங்கே வந்ததும் உணரி பொருந்தாத அளவொன்றைச் சொல்லிவிடும். ஒரு கணத்துக்கு முன் நேராக நின்ற சக்கரம் திடீரென்று வானத்துக்குத் தாவிவிட்டதாகக் கணினி கருதி, அஞ்சி, வேலையை நிறுத்திவிடும். உணரியின் நெம்பை மெதுவாக அசைத்து, தடையின் அளவு படிப்படியாக மாறுகிறதா அல்லது இடையிலே துள்ளுகிறதா என்று மின்தடைமானியாற் பார்த்தால் தேய்வு வெளிப்படும்.

இறுதியாக, கணினியின் நினைவு. இவ்வண்டியின் கணினி பெருங்குற்றமொன்றைக் கண்டால், அதனைப் பதிவு செய்து, ஓட்டுநருக்கு அறிவித்து, மேலும் இயங்க மறுத்துவிடும். பழுது திருத்தப்பட்ட பின்னரும், உரிய சோதனைக் கருவியைத் தொடுத்து அப்பதிவை அழிக்காவிடில், அது மனம் மாறுவதில்லை. ஆகவே கருவி தேவை. ஆனால் கருவியில் தோன்றும் குறி ஒரு சாட்சியின் வாக்குமூலமே அன்றித் தீர்ப்பு அன்று. முன் வலப்பக்கம் உயரவில்லை என்று அது சொல்லும். ஏன் உயரவில்லை என்று சொல்லாது. பை வெடித்தாலும், வால்வு சிக்கினாலும், தாங்கி வெறுமையானாலும், உணரி பொய் சொன்னாலும், வரும் வாக்குமூலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். பழுதைத் தேடாது பதிவை மாத்திரம் அழிப்பவர்கள், மறுநாளும் அதே குறியைக் காண்பார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, காற்றை அகற்றிவிட்டு உருக்குச் சுருளிவில்லைப் பூட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான உறுப்புத் தொகுதிகள் விற்கப்படுகின்றன. பலர் அவ்வாறு செய்தும் இருக்கிறார்கள். கராஜ் வசதியற்ற தொலைவிடங்களில் வாழ்பவருக்கு அது தகுந்த முடிவாகவும் இருக்கலாம். எனினும், தாழ்ந்து கொடுப்பதும், நிமிர்ந்து நிற்பதும், பாரம் ஏறினாலும் நிலைகுலையாதிருப்பதும் அத்துடன் போய்விடும். அம்முடிவை ஆராய்ந்து எடுப்பது வேறு. சலிப்பினால் எடுப்பது வேறு. சில சிறு வளையங்களுக்கும் ஒரு துண்டுக் குழாய்க்கும் உரிய குற்றத்துக்காக முழு அமைப்பையும் குப்பையில் எறிவது, ஆராய்ச்சியைத் தொடங்குமுன்னரே தோல்வியை ஒப்புக்கொள்வதாகும்.

பழைய வண்டி தன் குறையை மறைப்பதில்லை. ஆனால் அதைத் தன் மொழியிலேயே சொல்கிறது. கொம்பிரசரின் இரைச்சலும், எச்சரிக்கை விளக்கின் ஒளியும் அம்மொழியின் உரத்த சொற்கள். சவர்க்கார நீரில் எழும் ஒரு சிறு குமிழியோ மெல்லிய சொல். உரத்த சொல்லைக் கேட்டு உடனே செலவு செய்பவர்கள் பலர். மெல்லிய சொல்லுக்காக ஓரிரவு காத்திருப்பவருக்கே வண்டி தன் உண்மையைச் சொல்லும்.